ஊட்டு உறுதி ஆருட பேர்ல?

27 மே 2025, செவ்வாய். சாய்ந்தமருது

விஜய் டீவியில் பாக்கியலட்சுமி நாடகம் தொடங்கி ஐந்து வருஷமாகப் போகிறது. எங்கள் வீட்டுப் பகல் கூட்டத்துக்கு இன்றைய கதையில் அவ்வளவு நாட்டமில்லை. அவர்களுக்கு வேண்டியது 2022, கோபியின் களவு வெளியான காலம். அந்த வருஷம் இங்கே மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தோம். காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நாடகம் பாதி தவறிப்போனது. இப்போது தங்கச்சியின் மகள் தன் போனில் இருந்து டீவிக்கு எடுத்துப் போட்டுக் கொடுக்கிறாள். ஆணம் இறக்கி, லுஹர் தொழுத கையோடு பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கோபி மூன்று பிள்ளைகளின் தகப்பன். மூத்தவனுக்குக் கலியாணமும் ஆகிவிட்டது. கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகாவை மறுபடி சந்திக்கிறான். அவளும் புருஷனைப் பிரிந்து மயூ என்ற மகளோடு இருப்பவள். கோபியின் மனைவி பாக்கியாவுக்குச் சிநேகிதியும்கூட. சிநேகிதியின் புருஷன்தான் இவன் என்று தெரியாமலே அவனோடு பழகுகிறாள். வீட்டுக்கு ஒரு பொய், அவளுக்கு ஒரு பொய் என்று கோபி இரண்டு பக்கமும் ஓடுவான். கோபியாக வரும் சதீஷ்குமார் அந்தப் பதற்றத்தை அவ்வளவு நன்றாக நடிக்கிறார், அதனால்தான் இவ்வளவு ஏச்சும் வாங்குகிறார்.

இன்று ஏச்சு அவனுக்கு விழவில்லை. ராதிகா வந்ததும் எதிர் வீட்டு மாமி தொடங்கினார். “இவள்ட மூஞ்சப் பாரு, ஊட்டக் கெடுக்க வந்தவள்.” தையல்கார ராத்தா அதைவிடக் கடுமையாகச் சொன்னார், இங்கே எழுத மாட்டேன். கடற்கரைப் பக்கத்துத் தங்கச்சி சுவரோரம் இருந்து சுளகில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டாம் தாரமாகப் போனவள். ஊருக்கே தெரியும், அந்த நேரம் ஒருவருக்கும் நினைவில்லை. நான் அவளுடைய கையைப் பார்த்தேன். கல் எல்லாம் பொறுக்கி முடிந்த அரிசி. அதையே பெருவிரலால் ஒரு பக்கம் தள்ளினாள், திரும்ப மறுபக்கம் தள்ளினாள். தலை நிமிரவே இல்லை. நாடகம் முடியுமுன் “புள்ள ஸ்கூலால வந்திரும் டீச்சர்” என்று எழும்பிப் போய்விட்டாள். அரிசி இங்கேயே கிடக்கிறது.

29 மே, வியாழன்

இந்தக் கதை சென்னையில் பிறந்ததல்ல. வங்காளத்தில் லீனா கங்கோபாத்யாய் எழுதிய ஸ்ரீமோயி, 2019 இல் ஸ்டார் ஜல்சாவில் வந்தது. அதையே இந்தியில் அனுபமா என்றும் மலையாளத்தில் குடும்பவிளக்கு என்றும் எடுத்தார்கள். தெலுங்கிலும் மராட்டியிலும் உண்டு. மொழிக்கு ஒரு கோபி கிடைத்துவிடுகிறான். இத்தனை ஊர்ப் பெண்கள் ஒரே கதைக்கு உட்கார்ந்து அழுகிறார்கள் என்றால், பொழுது போகாமல் அழுகிறார்கள் என்று சொல்லித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எங்கள் கரையில் இந்தக் கதை ஒரு இடத்தில் இடிக்கிறது. அதைப் பிடித்தவர் உம்மா. எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், கதையின் முடிச்சு மட்டும் தப்பாது. மாமியார் ஈஸ்வரி மகனுக்காகப் பரிந்து பேசிக்கொண்டிருந்தபோது உம்மா வீட்டுப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டார், “அந்த ஊட்டு உறுதி ஆருட பேர்ல?”

“அது கோபிட குடும்பத்து ஊடு உம்மம்மா.”

“அப்ப பொம்புளக்கி ஊடு இல்லயா? ஊடும் குடுக்காம என்னத்துக்குக் கலியாணம் முடிச்சிக் குடுத்த? அவள்ட உம்மா வாப்பா எங்க?”

பெண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பிள்ளை, தங்கச்சியின் மகள், மட்டும் சிரித்தாள், இந்தியாவில் அப்படித்தான் என்றாள்.

மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் வரை, சோனகரானாலும் தமிழரானாலும், கலியாணத்தோடு வீடு பெண்ணுக்குப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். மூத்தவளுக்குத் தாங்கள் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அடுத்தவளுக்குக் கட்டத் தொடங்குவார்கள். குடி என்கிற குலமும் தாய்வழிதான். அக்கரைப்பற்றில் நீண்ட காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். ஆகவே மருமகளை அடுப்படியில் போட்டு வதைக்கும் மாமியார் நாடகங்களை இங்கே தூரத்து ஊர்ச் செய்தி போலத்தான் பார்ப்பார்கள். கோபி கதை அப்படியல்ல. அது சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிற கதை. ஆனால் இங்கே கோபி பிடிபட்டால் சேர்ட்டையும் சாரத்தையும் எடுத்துக்கொண்டு வெளியேறுகிறவன் அவன்தான். பெண் தன் கூரைக்குக் கீழேயே இருப்பாள், உம்மா பக்கத்தில், தங்கச்சிமார் அடுத்த வளவில்.

இதைப் பெருமையாக மட்டும் எழுத முடியாது. அந்தக் கூரையைப் போட வாப்பாவும் காக்காமாரும் அரை ஆயுள் உழைக்கிறார்கள். அது போதாமல் எத்தனை உம்மாமார் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகும் மாப்பிள்ளை வீட்டார் கைக்கூலிப் பணம் கேட்கிறார்கள்.

30 மே, வெள்ளி

ஜும்ஆ பயான் ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது. நாடகம் பார்க்கும் பெண்களைப் பற்றி இன்று நீண்ட நேரம். தொழுகை பிந்துகிறது, பிள்ளைகள் கெடுகிறார்கள், கள்ளத் தொடர்பைக் கண்டு கண்டு மனம் மரத்துப்போகிறது. தொழுகையைப் பற்றிச் சொன்னது சரிதான், அதை ஏற்றுக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. என் வீட்டுப் பாயில் நான் காண்பது மரத்துப்போன மனங்களை அல்ல. கோபி பொய் சொல்லும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுடுகிறது அவர்களுக்கு.

இன்னொன்றும் உண்டு. சொந்தப் புருஷனைப் பற்றி இந்தப் பெண்கள் வாய் திறந்தால் அது புறம் பேசுவது, குடும்ப மானத்தை விற்பது. கோபியைப் பற்றிப் பேசினால் ஒருவரும் தடுக்க மாட்டார்கள். எவ்வளவு கதை அந்தப் பேரில் வெளியே வருகிறது! போனைக் குப்புற வைக்கிற கதை, சம்பளம் குறைந்த கதை, கட்டாரில் இருந்து வருகிற அழைப்பு வாரத்துக்கு ஒன்றான கதை. எல்லாம் ‘கோபியைப் போல’ என்றுதான் தொடங்கும். மிம்பரில் இருந்து தாபரிப்புப் பணம் கட்டாத ஆண்களைப் பற்றி ஒரே ஒரு ஜும்ஆ பேசினால் நானே டீவியை மூடிவிட்டுக் கேட்கச் சொல்வேன்.

1 ஜூன், ஞாயிறு

தையல்கார ராத்தாவோடு, முஸ்லிம் விவாக வழக்குக் கேட்கும் காதியின் அமர்வுக்குப் போய் வந்தேன். அவருடைய மாப்பிள்ளை வேறு ஊரில் இன்னொரு கலியாணம் முடித்து இருக்கிறார். பிள்ளைகளுக்குத் தாபரிப்பு நின்று எத்தனையோ மாதம். இன்றும் அவர் வரவில்லை, இன்னொரு தவணை கொடுத்தார்கள். அங்கே இருந்த ஆண்களில் ஒருவர், கேட்க வேண்டிய தேவையே இல்லாமல், “நீங்க நேரத்துக்கு ஆக்கிக் குடுக்கலயா?” என்று கேட்டார். ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் இருந்தார். பாக்கியாவின் மாமியாரைப் பார்த்து டீவியை உடைக்கப் போன அதே ராத்தா.

நாடகத்தில் கோபிக்கு விவாகரத்து வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் ஒருத்தி இருக்க இன்னொருத்தியை முடிக்க இடமில்லை. அதனால் பாக்கியாவின் கையெழுத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது, கதையும் அதைச் சுற்றி ஓடுகிறது. இங்கே 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி இரண்டாம் கலியாணத்துக்கு முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை. 24 ஆம் பிரிவு கேட்பதெல்லாம் காதிக்கு முன்கூட்டியே ஓர் அறிவித்தல். காவின் எனும் கலியாணப் பதிவில் மணமகளின் ஒப்பத்துக்கே இடமில்லை, வலி எனும் அவளுடைய ஆண் பொறுப்பாளர்தான் ஒப்பமிடுவார். பெண் காதியாக முடியாது. காதியின் முன் சட்டத்தரணி யாருக்காகவும் நிற்க முடியாது. தாபரிப்பைக் காதி தீர்த்தாலும், கட்டாதவனிடம் அறவிட மீண்டும் நீதவான் நீதிமன்றம்வரை நடக்க வேண்டும். இதையெல்லாம் திருத்துவதற்கென்று நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் குழு அமைத்தார்கள். அறிக்கை 2018 இல் கையளிக்கப்பட்டது. குழுவுக்குள்ளேயே இரண்டு அணி, இரண்டு பரிந்துரை. சட்டம் இன்றுவரை அப்படியே இருக்கிறது.

பலதார மணத்துக்கு அனுமதி சொல்லும் அதே வசனம், நீதமாக நடக்க முடியாது என்று அஞ்சினால் ஒருத்தியோடு நிறுத்திக்கொள் என்றும் சொல்கிறது. முதல் பாதியை மனப்பாடம் செய்தவர்களே ஊரில் அதிகம். இதைச் சொல்வதால் நான் மார்க்கத்துக்கு எதிரானவள் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். மார்க்கத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

ஆட்டோவில் திரும்பும்போது ராத்தா சொன்னார்: “பாக்கியாவுக்கு மாமனார் பக்கத்தில நிக்கிறாரு டீச்சர். மகன்ட பிழை எண்டு வாயத் தொறந்து செல்லுறாரு. எனக்கு அவரப் பாக்கத்தான் நாடகம்.”

3 ஜூன், செவ்வாய்

பெண்களிடம் கேட்டேன், கோபிக்கு என்ன நடக்க வேணும்? மாமிக்கு அவனுடைய கால் முறிய வேண்டும். பிள்ளைக்கு, பாக்கியா சமையல் தொழிலில் அவனைவிட உயர்ந்து நிற்க, அவன் அண்ணாந்து பார்க்க வேண்டும். தையல்கார ராத்தா யோசிக்கவே இல்லை. “மாசம் பிறந்தா காசு வரணும். வேற ஒண்டும் வேணாம்.” உம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு கையையும் ஏந்திக் காட்டினார். பதுவா, சாபத் துஆ. அநியாயம் செய்யப்பட்டவளின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரை இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த ஹதீஸ். இந்த ஊரில் ஆண்கள் உண்மையாகப் பயப்படுவது அதற்குத்தான், காதிக்கு அல்ல.

பழிவாங்கும் நாடகம் என்றால் எனக்கு நினைவில் வருவது கோலங்கள். திருச்செல்வம் எடுத்தது, 2003 கடைசியில் இருந்து 2009 கடைசிவரை சன் டீவியில் ஓடியது. தேவயானி அபியாக நடித்தார். தகப்பனுக்கு இரண்டு குடும்பம். ஒரு குடும்பத்தின் மகன் ஆதி, மற்றக் குடும்பத்தின் மகளான அபியை அழிக்கக் கங்கணம் கட்டுகிறான். தகப்பன் செய்ததற்குப் பிள்ளைகள் வருஷக்கணக்காகத் தண்டம் கட்டுகிறார்கள். அந்த நாடகத்துக்கு நடுவில்தான் 2004 டிசம்பர் 26 வந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்கக் கடல் அள்ளியது. முகாமில் யாரோ கொண்டுவந்து வைத்த ஒரு டீவியின் முன்னால், பிள்ளையைப் பறிகொடுத்த பெண்கள் இருந்து ஆதியை ஏசினார்கள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை, கோபம்கூட வந்தது. இப்போது நினைத்தால், அந்த முகாமில் அவர்கள் ஏசக்கூடிய ஒரே ஆள் ஆதிதான். அல்லாஹ்வின் நாட்டத்தை ஏச முடியுமா?

பிறகு வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். கரையில் இருந்து இருநூறு மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் சொன்னதால் எத்தனையோ பேர் உள்ளே போனார்கள். கடல் கொண்டுபோன வீடு பெண்ணுடையது, அவளுடைய உம்மா கொடுத்தது. வந்த வீட்டின் பத்திரம் ‘குடும்பத் தலைவர்’ பேரில், அதாவது மாப்பிள்ளையின் பேரில். கிழக்கு மாகாணத்துப் பெண்கள் அமைப்புகள் அப்போதே இதை எழுதின, அலுவலகங்களுக்குப் போய்ப் பேசின. சில இடத்தில் மாறியது, பல இடத்தில் மாறவில்லை. காலங்காலமாக இருந்த வழக்கை ஒரு படிவத்தின் ஒரு கட்டம் மாற்றிவிட்டது. நாடகத்தில் ஆதி இத்தனை வருஷம் முயன்று செய்யாததை அந்தப் படிவம் ஒரே பின்னேரத்தில் செய்தது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

திருச்செல்வத்தின் எதிர்நீச்சல் நாடகத்தை இங்கே அவ்வளவு பிடித்துக்கொண்டதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். அதில் வில்லனான ஆதி குணசேகரன் அதட்டும்போது பயந்தார்கள், ஆனால் அப்பத்தாவின் பேரில் நாற்பது வீதப் பங்கு இருக்கிறது என்று கதை திரும்பிய அன்று எங்கள் வீட்டில் பெருநாள். அந்தக் கிழவி எங்கே கைநாட்டு வைத்துவிடுவாளோ என்று உம்மா டீவியைப் பார்த்துக் கையை ஆட்டி மறித்தார். குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 ஆம் திகதி, அதே நாடகத்துக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுவலி வந்து இறந்தார். அவரைத் தினமும் திட்டிய பெண்கள் அன்று வீட்டில் அழுதார்கள். நல்ல நடிகன் போனதற்காக அழுதார்கள். நடிப்பையும் ஆளையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர்கள் என்று இவர்களை நினைக்கிறவர்கள் அன்று இங்கே வந்திருக்க வேண்டும்.

7 ஜூன், சனி. ஹஜ்ஜுப் பெருநாள்

உழ்ஹிய்யா இறைச்சி பங்கு போட்டு முடிய அஸர் ஆகிவிட்டது. நாடகம் இல்லை.

பின்னேரம் கடற்கரைத் தங்கச்சி தொதலோடு வந்தாள். அந்தச் செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான். அரிசியை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் நின்றாள்.

“டீச்சர், ராதிகாவுக்குத் தெரியாதுதானே, அவன் ஆரெண்டு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. மொத்தப் பேரும் சேந்து மறச்ச. காவின் முடிஞ்சி எத்தினயோ நாளைக்குப் பிறகு அந்தப் பொம்புள புள்ளையோட ஊட்டு வாசல்ல வந்து நிண்டா. எனக்கிட்ட ஒரு வார்த்த ஏசல்ல. புள்ளைக்குப் பால்மா வாங்க சல்லி கேட்டா. நான் குடுத்த.”

அவள் அழவில்லை. முதல் மனைவிக்கு இன்றும் மாதம் தவறாமல் தன் கையால் கொஞ்சம் அனுப்புகிறாளாம், மாப்பிள்ளைக்குத் தெரியாமல். மாமி ராதிகாவை ஏசியபோது இந்த வாய்க்குள் இவ்வளவும் இருந்திருக்கிறது.

9 ஜூன், திங்கள்

காரைதீவுக் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்குக் காலம். என்னோடு படிப்பித்த காரைதீவு ரீச்சர் போன் எடுத்தார். அங்கே இந்த நாட்களில் கண்ணகி வழக்குரை பாடுவார்கள். கோவலனின் கதை முழுவதும் பாடி, மதுரை எரிந்து, கடைசியில் குளிர்த்தி செய்து அம்மனின் கோபத்தைத் தணிப்பார்கள். சாய்ந்தமருதும் காரைதீவும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். சின்ன வயதில் அந்த வீதியால் போகும்போது வாப்பா கதையைச் சொல்லியிருக்கிறார். பிறகு சிலப்பதிகாரத்தை நானே வருஷக்கணக்காக வகுப்பில் படிப்பித்தேன்.

இரண்டு நாளாக மனசில் கிடப்பது இதுதான். கண்ணகியின் கதையிலும் புருஷன் வேறொருத்தியிடம் போகிறான். கண்ணகி மாதவியைப் பற்றி ஒரு சொல் தவறாகப் பேசுவதில்லை. கோவலனிடமும், அதுவும் மதுரையில் கடைசி நேரத்தில், நீங்கள் செய்தது நல்லோர் போற்றாத ஒழுக்கம் என்று அளந்து சொல்வதோடு சரி. கணவனை மீட்கக் காமன் கோட்டத்துக் குளங்களில் நீராடு என்று தோழி சொன்னபோது அது தனக்குப் பெருமையல்ல என்று மறுத்தவள் அவள். அவளுடைய நெருப்பெல்லாம், விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசனுக்கும் அந்த ஊருக்கும்தான். மாதவியும் கெட்டவளாக முடியவில்லை. கோவலன் இறந்தது கேட்டுத் துறவு பூணுகிறாள்.

இன்றைய நாடகக்காரர்கள் இந்தப் பாதையைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். தெய்வமகள் நாடகத்துக் காயத்ரியில் இருந்து எத்தனை வில்லிகள்! பெண்ணுக்கு எதிரே பெண்ணை நிறுத்தினால் ஆயிரம் எபிசோட் ஓட்டலாம், ஆண் நடுவில் பாவம்போல உட்கார்ந்திருப்பான். பாக்கியலட்சுமி அதில் கொஞ்சம் மேல். ராதிகாவை முழு வில்லியாக்க அந்தக் கதைக்கு மனம் வரவில்லை. விவாகரத்துக்குப் பிறகு பாக்கியா தன் உழைப்பில் எழும்புவதும் பிடித்திருக்கிறது. ஆனால் தீர்ப்புச் சொல்கிற இடத்தைக் கேள்வி கேட்க இவர்களில் யாருக்கும் துணிவில்லை. காதி அமர்வில் ராத்தாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதரின் முன்னால் சிலம்பை உடைக்கிற ஒரு எபிசோட் எனக்கு வேண்டும்.

இதைப் பகல் கூட்டத்தில் சொன்னேன். மாமி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அப்ப இவள ஏசக்கூடாது எண்டு செல்லுறீங்க” என்றார். ஏசுங்கள், முதலில் அவனை ஏசிவிட்டு ஏசுங்கள் என்றேன். கடற்கரைத் தங்கச்சி அப்போது அங்கேதான் இருந்தாள். மாமி அவளைப் பார்த்தார், அவளும் பார்த்தாள். மாமி தன் பக்கத்துப் பாயைத் தட்டி, “தள்ளி இரிக்காம இங்கால வா புள்ள” என்றார். அன்றைய எபிசோட்டில் ராதிகா வந்தபோது ஏச்சு வரவில்லை என்று எழுத ஆசை. வந்தது, கொஞ்சம் குறைவாக.

12 ஜூன், வியாழன்

தங்கச்சியின் மகளுக்குச் சம்பந்தம் பேசி முற்றிவிட்டது. அக்கரைப்பற்று மாப்பிள்ளை, நல்ல பிள்ளை, வங்கியில் வேலை. இன்று புரோக்கர் மூலம் செய்தி வந்தது. சீதன வீட்டின் உறுதியை இருவர் பேரிலும் எழுத வேண்டுமாம், வங்கிக் கடன் எடுத்து மேல்மாடி கட்ட அது வசதியாம்.

தங்கச்சியின் மாப்பிள்ளைக்கு உடனே சம்மதம். “நல்ல இடம், இந்தச் சின்ன விசயத்துக்காகக் கைவிட ஏலுமா?” தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. உம்மா கட்டிலில் இருந்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார், அவருடைய காதுக்குள் எவ்வளவு போனதோ தெரியாது.

பிள்ளைதான் பேசினாள். “வாப்பா, அவரு நல்லவருதான். நானும் ஓமெண்டுதான் செல்லியிரிக்கன். ஆனா உறுதி எனக்கு மட்டும்தான். கடன் எடுக்க வேணுமெண்டா நான் கையொப்பம் வெச்சிக் குடுப்பன். காவின்லதான் எனக்குக் கையொப்பம் இல்ல, இதுலயாவது இரிக்கட்டும்.”

காதி அமர்வுக் கதையை நான் ராத்தாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

மச்சான் முதலில் கோபித்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றார். வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, அந்தப் பதிலை நான் சொல்ல மாட்டேன் என்றார். நானே சொல்கிறேன் என்றாள் பிள்ளை. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருகிறார்கள். தங்கச்சி வளவின் பழைய உறுதியையும் நில அளவைப் படத்தையும் அலுமாரியில் இருந்து எடுத்து வைத்தேன். படத்தின் ஒரு மூலை சுனாமித் தண்ணீரில் கரைந்திருக்கிறது, எல்லைக் கல்லின் இலக்கம் வாசிக்க முடியவில்லை. பிரதி எடுக்க விண்ணப்பிக்க வேண்டும். நொத்தாரிசிடம் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் கேட்டிருக்கிறேன்.